எஅ: மூச்சு, ஆட்சி, ஒரு ஆமை

(திரையில்: எஅ)

இரண்டே உயிரெழுத்து. ஹவாய் மொழியில் இதற்கு மூச்சு என்று பொருள். காற்று, ஆவி, உயிர் என்றும் வரும். இறையாண்மை என்றும் வரும். வினையானால் மேலெழுவது, கடலுக்குள்ளிருந்து தீவு எழுந்தாலும் இதே சொல்தான்.

நம் நாக்கு சறுக்குமிடம் ஒன்று உண்டு. மணி அடித்தது என்பதை மணியடித்தது என்போம். அந்தப் பழக்கத்தில் இதையும் ‘எய’ ஆக்கிவிடுவோம். உடம்படுமெய் இங்கே கூடாது. எ-யிலிருந்து அ-வுக்கு அப்படியே வழுக்குங்கள். அ குறில், நீட்ட வேண்டாம்.

(திரையில்: ʻஎஅ)

முன்னால் நிற்கும் கொக்கியின் பெயர் ஒகினா. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி. ஹவாய் மொழியின் எட்டு மெய்களில் ஒன்று. இது சேர்ந்ததும் சொல்லே வேறு: அழுங்காமை என்ற கடலாமை. குழந்தையின் வாயில் வெள்ளையாகப் படியும் நோய்க்கும் இதே பெயர்.

பழைய அச்சில் பெரும்பாலும் கொக்கி இருக்காது. அப்போது முன்னால் வரும் சிறுசொல்லைப் பாருங்கள். க, எ, அ, ஒ ஒலிகளில் தொடங்கும் பெயருக்கு முன் ‘கெ’ வரும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ‘க’. ஆகவே ‘கெ எஅ’ மூச்சு. ‘க எஅ’ என்றிருந்தால் கொக்கி விட்டுப்போயிருக்கிறது, அது ஆமை.

(திரையில்: உஅ மஉ கெ எஅ ஒ க ʻஆஇன இ க பொனொ)

ஹவாய் மாநிலத்தின் குறிக்கோள் வாசகம். ‘கெ எஅ’, ‘க ʻஆஇன’ இரண்டும் இதிலேயே இருக்கின்றன. ʻஆஇன என்றால் நிலம், பொனொ என்றால் நேர்மை. ‘மண்ணின் உயிர் நேர்மையால் நிலைக்கிறது’ என்பதே வழக்கமான மொழிபெயர்ப்பு. தவறில்லை, ஆனால் பாதிதான். 1843 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் பாலெட் மிரட்டி ஆட்சியைப் பிடுங்கினார். ஐந்து மாதம் கழித்து, ஜூலை 31 அன்று, அட்மிரல் ரிச்சர்ட் தாமஸ் அதைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் கமேஹமேஹா மன்னர் இந்த வரியைச் சொன்னது அன்றைக்குத்தான். மன்னருக்குத் திரும்பக் கிடைத்தது மூச்சா, ஆட்சியா?

அந்த நாளின் பெயரே பதில் சொல்கிறது: லா ஹொʻஇஹொʻஇ எஅ. லா நாள், ஹொʻஇஹொʻஇ திருப்பிக் கொடுப்பது. ஹொனலுலுவின் தாமஸ் சதுக்கத்தில் இன்றும் கொண்டாடுகிறார்கள். போனால் ‘ஹொயிஹொயி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.