சிலை உடைந்த கனவும் எனக்கு வந்த கோபமும்

வணக்கம். எழுந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தலை வாரவில்லை, அப்படியே கேமராவை எடுத்துவிட்டேன். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த கோபம், இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

என் கனவு நோட்டு உங்களுக்குத் தெரியும். ரயிலைத் தவறவிடும் கனவு பற்றிய வீடியோவில் காட்டினேனே, அந்த நீல அட்டை நோட்டு. அதில் போன வாரம் ஒரு சிலைக் கனவை எழுதினேன். ஆளுயரச் சிலை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுகிறேன். பெண் உருவம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதுபோல் நிற்கிறது. பாதிப் படியில் என் பிடி நழுவி, சிலை உருண்டு கீழே போய் உடைகிறது. அத்துடன் விழித்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு கனவுப் பலன் செயலியில் 'சிலை உடைவது' என்று தட்டிப் பார்த்தேன். 'நெருங்கியவரை இழப்பீர்கள்.' இவ்வளவுதான் பதில். நான் யார், எந்தச் சிலை, யார் கையிலிருந்து விழுந்தது, விழுந்தபோது எனக்கு எப்படி இருந்தது, ஒரு கேள்வியும் இல்லை. அன்று முழுக்க வீட்டில் யார் இருமினாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இப்படிப் போகிறபோக்கில் ஒருவரைப் பயமுறுத்திவிட்டுப் போவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பழைய காலத்துப் பலன் சொல்பவர்களே இதைவிடப் பொறுப்பாக இருந்தார்கள். 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவுப் பலன்களை எழுதிவைத்த ஆர்ட்டெமிடோரஸ், கனவு கண்டவரின் தொழில் என்ன, நிலை என்ன என்று தெரிந்துகொண்டுதான் பலன் சொல்ல வேண்டும் என்கிறார். ஒரே கனவு இருவருக்கு இரு பலன் தரும் என்பது அவர் கட்சி. பைபிளில் வரும் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் சிலைக் கனவையும் பாருங்கள். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், பாதம் மட்டும் இரும்பும் களிமண்ணும் கலந்தது. ஒரு கல் வந்து பாதத்தில் மோத, முழுச் சிலையும் நொறுங்குகிறது. அதற்குப் பொருள் சொல்லும்போது தீர்க்கதரிசி தானியேல் எங்கே தொடங்குகிறார்? அந்தப் பொன் தலை நீர்தான் என்று அரசனிடமிருந்தே தொடங்குகிறார். கனவு கண்டவரை விட்டுவிட்டுச் சிலைக்கு மட்டும் பொருள் தேட முடியாது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அப்புறம், ஒரு நல்ல செய்தி. பென்சில்! படுத்தபடியே எழுதும்போது பேனா பாதியில் நின்றுவிடுகிறது என்று நான்கைந்து வீடியோக்களாகப் புலம்பிக்கொண்டிருந்தேன் இல்லையா? நோட்டைத் தலைக்கு மேல் பிடித்தால் பேனா முனை மேலே பார்க்கிறது, மை முனைக்கு இறங்குவதில்லை. மூன்று பேனா மாற்றினேன். எழுந்து உட்கார்ந்து எழுதலாம்தான், ஆனால் உடம்பை அசைத்ததும் எனக்குக் கனவு பாதி கரைந்துவிடும். இப்போது தலையணைக்கு அடியில் ஒரு பென்சில். மல்லாந்து படுத்தபடி, அரைக்கண்ணில், ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறேன். அலாரத்தையும் மெல்லிய ஓசைக்கு மாற்றிவிட்டேன். ஆறு நாளில் ஆறு கனவு! இவ்வளவு சந்தோஷமாக நான் பென்சில் பிடித்ததே இல்லை.

எங்கே விட்டேன்? சரி, சிலை. சிலைக் கனவு என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது அசைவின்மை. கண்கள் வேகமாக அசையும் உறக்க நிலையை அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1953-இல் சிகாகோவிலிருந்து அறிவித்தார்கள். தெளிவான, கதைபோல் ஓடும் கனவுகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் வருகின்றன. அப்போது கை கால் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூளை நம்மைக் கிடத்தி வைக்கிறது. அதாவது கனவு காணும் நேரத்தில் நாமே ஏறக்குறைய சிலைதான். நானே சிலையாகிவிட்டேன், கத்த முடியவில்லை என்ற கனவு வந்தால், உங்களுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று நடுங்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த சிலைக் கனவு ஒரு கதையில் வருகிறது. ஜெர்மன் எழுத்தாளர் வில்ஹெல்ம் யென்சன் எழுதிய 'கிராடிவா', 1903-இல் நூலாக வந்தது. தொல்லியல் படித்த ஓர் இளைஞன், குதிகாலைத் தூக்கி நடக்கும் பெண்ணின் புடைப்புச் சிற்பத்தில் மனதைப் பறிகொடுக்கிறான். கி.பி. 79-இல் பொம்பேயி என்ற ரோமானிய நகரம் எரிமலைச் சாம்பலில் புதைந்த நாளில் அவள் அங்கே நடந்து போவதாகக் கனவு காண்கிறான். கோயில் படியில் அவள் சாய, முகம் வெளுத்து வெளுத்துப் பளிங்காகிறது. கடைசியில் பார்த்தால் அவன் தேடியது கல்லை அல்ல. சின்ன வயதில் கூட விளையாடிய, அவன் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கும் ஸோயி. அந்தப் பெயருக்கு கிரேக்கத்தில் 'உயிர்' என்று பொருள்! மனப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்ட் 1907-இல் இந்தக் கதையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்தச் சிற்பத்தின் வார்ப்பு ஒன்றைத் தன் சிகிச்சை அறையில் மாட்டிவைத்தார். நாம் உள்ளே புதைத்துவிட்டதைக் கனவு கல்லாக்கிக் காட்டும் என்பதை நான் நம்புகிறேன்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். என் சிலை உடைந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை! முதல் நாள் இதை நான் எழுதவே இல்லை. மூன்றாம் நாள் அசையாமல் படுத்திருந்தபோது திடீரென்று அந்தச் சத்தம் காதில் வந்தது. கல் விழுந்தால் தொம்மென்று விழும். இது சலீரென்று, மண்பானை போல் சிதறியது. சுடுமண் சிலை, உள்ளே வெற்றிடம். முதலில் உடைந்து தனியே போனது நீட்டிய அந்தக் கைகள். எனக்குத் துக்கமே இல்லை. தோள் லேசாகிவிட்டது, கனவிலேயே பெருமூச்சு விட்டேன்.

கனவு வந்த நாளுக்கு முந்தைய நாள் என்ன நடந்தது தெரியுமா? யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் சரி சரி என்று வாங்கிக்கொள்பவள் நான், உங்களுக்கே தெரியும். அன்று முதல் முறையாக ஒருவரிடம் முடியாது என்று சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன். யாரையும் இழக்கவில்லை. அந்தச் செயலியை நீக்கிவிட்டேன்.

இன்று விடியற்காலையில் மறுபடி அதே மாடிப்படி வந்தது. பென்சிலில் எழுதியதை அப்படியே படிக்கிறேன்: 'மேல்படியில் வெறும் பீடம். கல் சில்லென்று இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இதமான சூடு.'