மேக்பெத்தின் கைகளில் ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1606இல் எழுதிய ‘மேக்பெத்’ நாடகத்தில், மன்னன் டங்கனை அவனுடைய தளபதி மேக்பெத் கொல்வதை நாம் பார்ப்பதே இல்லை. கொலை உள்ளே நடந்துவிடுகிறது. மேடைக்கு வருபவை ரத்தம் தோய்ந்த இரண்டு கைகள். ரத்தம் இங்கே என்ன சொல்கிறது என்பதை அந்தக் கைகளிடம்தான் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் ரத்தம் பெருமைக்குரியது. போர்க்களத்திலிருந்து குருதி வழிய வரும் படைத்தலைவன், மேக்பெத் எதிரியைத் தொப்புளிலிருந்து தாடைவரை கிழித்ததைச் சொல்கிறான். மன்னன் மகிழ்ந்து பாராட்டுகிறான். இரண்டாம் அங்கத்திலும் அதே கை, அதே வேலை. வெட்டுப்படுபவன்தான் வேறு.

கொலை முடிந்ததும், கடல் முழுவதும் சேர்ந்தாலும் இந்தக் கையைக் கழுவாது, இந்தக் கைதான் கடலைச் சிவப்பாக்கும் என்று பதறுகிறான் மேக்பெத். கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள் மனைவி. அவன் தவறிப்போய் எடுத்துவந்த குத்துவாள்களைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து, உறங்கும் காவலர்மீது ரத்தம் பூசுபவளும் அவளே.

அடுத்து வருவது, போதை தெளியாத வாயிற்காப்போனின் உளறல். மேக்பெத் மறுபடி மேடையேறும்வரை சுமார் 40 வரிகள். நடிகர் கையைக் கழுவி உடை மாற்றக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். தேவையற்ற நகைச்சுவை என்று அதை வெட்டினால் வேலை கெடும்: விரலிடுக்கில் சிவப்பு மிஞ்சும், அப்போது அங்கு வந்திருக்கும் பிரபு மேக்டஃப் அதை அங்கேயே பார்த்திருக்க வேண்டுமே என்று அவையோர் நினைப்பார்கள்.

மூன்றாம் அங்க விருந்துக்குப் பிறகு, ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கி நடந்தாயிற்று, திரும்புவதும் கடப்பதைப் போலவே சலிப்புத்தான் என்கிறான் மேக்பெத். பதறியவன் பழகிவிட்டான். பழகியவளாகத் தெரிந்தவள் ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் எழுந்து நடந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கால் மணி நேரம்வரைகூட இப்படித் தேய்ப்பாள் என்கிறாள் பணிப்பெண்.

இந்தக் காட்சியில் லேடி மேக்பெத்தின் கையில் சாயம் பூசவே கூடாது. சில தயாரிப்புகள் பூசிவிடுகின்றன. அத்தோடு காட்சி செத்துப்போகிறது. மருத்துவருக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரிவது வெறுங்கை. கறை அவளுக்கு மட்டுமே தெரிய வேண்டும். பிறகு அவள் வாடையைச் சொல்கிறாள்: அரேபியாவின் வாசனைத் திரவியங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சிறு கையை மணக்கச் செய்யாதாம். கண்ணுக்குத் தெரியாததைக் கழுவுவது எப்படி? நடிகை கையை மூக்கருகே கொண்டுபோய், ஒரு மூச்சு இழுத்து, அதன்பின் வசனத்தைத் தொடங்கட்டும். பார்வையாளருக்கும் அந்த வாடை எட்டும்.