அணைத்த பின்னும் எரிந்த விளக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பேட்டரியில் இயங்கும் வெப்பநிலைக் கருவி ஒன்றைச் செய்திருந்தேன். பல மாதம் ஓடும் என்று கணக்குப் போட்டேன். மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. இத்தனைக்கும் அதன் மூளையான இஎஸ்பி32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சில்லு, ஆழ்ந்த உறக்கத்தில் சுமார் 10 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும்.

மின்சாரத்தைத் தின்றது உணரிப் பலகை. உணரிச் சில்லைக் குறை சொல்ல முடியாது. பிஎம்இ280 போன்ற ஒன்று உறங்கும்போது ஒரு மைக்ரோஆம்பியரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அதே பலகையில் இருக்கும் சிவப்பு எல்இடி விளக்குக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கும் உறக்கம் என்பதே கிடையாது. ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் எடுக்கும். 2500 மில்லியாம்பியர்-மணி பேட்டரி அதற்கு 500 மணி நேரத் தீனி. அதாவது இருபத்தொரு நாள்.

ஆகவே அளக்கும் வேளையில் மட்டும் பலகைக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். சில மில்லியாம்பியர் போதும் என்றால் மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு முனையிலிருந்தே கொடுக்கலாம். ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் ஒரு முனைக்கு 20 மில்லியாம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. எம்கியூ-2 வாயு உணரிக்குள் ஹீட்டர் இருக்கிறது. அது 150 மில்லியாம்பியர் அளவுக்கு இழுக்கும். அத்தகையவற்றுக்கு பி-சேனல் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரைச் சுவிட்சாக வையுங்கள். அதன் கேட் என்ற கட்டுப்பாட்டு முனைக்கும் மின்வழங்கலுக்கும் இடையே 100 கிலோஓம் மின்தடை ஒன்றைப் போட்டால், மைக்ரோகண்ட்ரோலர் உறங்கும்போதும் சுவிட்ச் அணைந்தே இருக்கும்.

நானும் அப்படித்தான் செய்தேன். மாஸ்ஃபெட் அணைந்த பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது! ஒரு மாலை முழுவதும் சாலிடர் இணைப்புகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். பிழை அங்கே இல்லை. உணரிச் சில்லின் ஒவ்வொரு தரவு முனைக்கும் உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு பாதுகாப்பு டயோடு உண்டு. வாசலை அடைத்தாலும், உயர்நிலையில் விட்ட தரவுக் கம்பி வழியாக மின்சாரம் அந்த டயோடில் ஏறி, பலகை முழுவதற்கும் பரவிவிடுகிறது. விளக்கு எரிவதைவிடக் கவலைக்குரியது வேறு: அரைகுறை மின்னழுத்தத்தில் சில்லு குழம்பிப்போய், அடுத்த முறை சரியாக விழிக்காமலும் போகலாம்.

மருந்து எளியது. தரவுக் கம்பிகளை உயர்நிலையில் வைத்திருக்கும் புல்-அப் மின்தடைகளை மாஸ்ஃபெட்டுக்குப் பின்னால், உணரியின் பக்கமே இணையுங்கள். மின்சாரத்தை நிறுத்தியவுடன் தரவு முனைகளைத் தாழ்நிலைக்குக் கொண்டுவாருங்கள். மீண்டும் கொடுக்கும்போது உணரிக்குச் சற்று அவகாசம் வேண்டும்: பிஎம்இ280க்குச் சில மில்லிவினாடி, டிஎச்டி22 என்ற உணரிக்கு ஒரு வினாடிக்குக் குறையாமல். முன்பு எழுதிய அமைப்புகள் எல்லாம் அழிந்திருக்கும். அவற்றை மறுபடி எழுதிய பிறகே அளவைக் கேளுங்கள்.

கடைசியாக, பேட்டரிக்குத் தொடராக மல்டிமீட்டரை இணைத்து உறக்க மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். மில்லியாம்பியர் வரம்பில் தொடங்கி, கருவி உறங்கிய பிறகே மைக்ரோஆம்பியருக்கு மாற்றுங்கள். மீட்டரின் உள்தடை அந்த வரம்பில் அதிகம் என்பதால், விழிக்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து கருவி மறுதொடக்கம் ஆகிவிடும்.