அம்புக்குறியை அணைத்துவிட்டால் போதுமா?

(ஹட்டனில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். திறந்த உலக ரோல் பிளேயிங் கேம்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். முன்வரிசைப் பெரியவர்கள் சிலரின் முகத்தில், தவறான கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்ற ஐயம் தெரிகிறது. ஒரு முழு நாட்டையே கணினிக்குள் கட்டி, அதில் உங்களை ஒரு பாத்திரமாக இறக்கிவிட்டு, விரும்பிய திசையில் போகச் சொல்லும் விளையாட்டு இது ஐயா. பின்வரிசைத் தம்பி தங்கைகளுக்கு விளக்கம் வேண்டாம். அவர்கள் சண்டை போடத் தயாராகவே வந்திருக்கிறார்கள்.

சண்டை முக்கியமாக ஓர் அம்புக்குறியைப் பற்றியது. போக வேண்டிய இடத்தைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும் அந்தக் குறி இல்லாவிட்டால், வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் விளையாடுகிறவர் அந்த ஒரு மணி நேரத்தையும் அலைந்தே தீர்ப்பார் என்கிறது ஒரு கட்சி. அது இருந்தால் மலையையும் ஊரையும் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்கிறது மறு கட்சி. இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. நான் ஏற்காதது, நடுவர்போல வந்து சிலர் சொல்லும் தீர்ப்பைத்தான்: "பிடிக்காவிட்டால் அணைத்துவிடு."

2002இல் வெளிவந்த மோரோவின்ட் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மடிக்கணினியிலும் ஓடும் என்பதால் நம் பிள்ளைகளில் பலருக்கு அது பழக்கம். 125 ஜிபி இடம் கேட்கும் ஸ்டார்ஃபீல்ட் போன்ற புதிய கேமை இங்குள்ள டேட்டாவில் இறக்குவதற்குள் அடுத்த கொழுந்து சீசனே வந்துவிடும். மோரோவின்டில் அம்பு கிடையாது. தொடக்கத்திலேயே ஒரு புதிர்ப்பெட்டியைத் தேடி ஆர்க்ன்தாண்ட் என்ற இடிபாட்டுக்குப் போக வேண்டும். பால்மோரா நகரை விட்டு வெளியேறி, மூன்மோத் கோட்டையைத் தாண்டினால், எரிமலைக் குழம்பு அறுத்த பள்ளத்தின் குறுக்கே ஒரு பழைய பாலம் இருக்கும். அதைக் கடந்து மேலே ஏறினால் கதவு திறக்காது. அருகிலுள்ள குழாயில் ஒரு கைப்பிடி இருக்கிறது, அதைத் திருப்ப வேண்டும். உள்ளே போனால் பெட்டி கைக்கடக்கமான ஒரு சிறு கனசதுரம். தட்டில் மற்றப் பொருள்களோடு கிடக்கும் அதைக் காணாமல் திரும்பத் திரும்பச் சுற்றியவர்களின் புலம்பல் இருபது வருடமாக ஓயவில்லை. கேம் நமக்குத் தரும் சில பணிகளில் வழியே தவறாக எழுதப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் அங்கே வழி சொல்ல ஓர் ஆள் இருந்தார். நம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறவருக்கு நாம் எப்படிச் சொல்கிறோம்? "ஸ்டோரைத் தாண்டி, மடுவத்தடியில் இடப்பக்கம் இறங்கு, மாரியம்மன் கோயிலுக்கு மேலே தெரிகிற லயத்தில் மூன்றாவது காம்பரா." கேட்டவர் வீட்டை அடையும்போது பாதித் தோட்டத்தையும் தெரிந்துகொண்டிருப்பார். மோரோவின்ட் பாத்திரங்கள் பேசியது இந்தப் பேச்சுத்தான்.

2006இல் மோரோவின்டைச் செய்த அதே நிறுவனத்தின் ஒப்லிவியன் வந்தது. திசைகாட்டியில் குறியும் வந்தது. சோம்பேறிகளுக்காகச் செய்துவிட்டார்கள் என்று திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மோரோவின்டில் உரையாடலில் பெரும்பகுதி எழுத்து, ஒப்லிவியனில் எல்லாரும் வாய்திறந்து பேசுகிறார்கள். எழுத்தில் பத்து வரி வழி சொல்ல ஒரு செலவும் இல்லை. குரலில் என்றால் ஒவ்வொரு வரிக்கும் நடிகர் வேண்டும், பதிவு வேண்டும். கடைசி மாதத்தில் வடிவமைப்பாளர் ஒரு குகையைச் சற்று நகர்த்தினால் மறுபடியும் பதிவு. அம்பை நகர்த்துவது எளிது. குரலும் வேண்டும், விரிவான வழியும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்கிற நாம், அதற்கான கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2011இல் வந்த ஸ்கைரிமில் நிலைமை இன்னும் மோசம். அதன் சில பணிகளில் இடத்தைக் கேமே அந்த நேரத்தில் தெரிவு செய்கிறது. உங்களுக்கு ஒரு குகை, நண்பருக்கு வேறொன்று. எந்த இடம் என்று எழுதுகிறவருக்கே தெரியாதபோது வழியை எப்படி எழுதுவார்? அங்கே அம்பை அணைத்தால் அது மோரோவின்ட் ஆகிவிடாது, வெறும் இருட்டாகிவிடும்.

எழுத மனம் இருந்தால் இரண்டு கட்சிக்கும் இடம் உண்டு. 2018இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் தொடக்கத்திலேயே இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றில் குறி, மற்றதில் இன்ன பகுதி, இன்ன இடத்துக்கு மேற்கே என்ற குறிப்புகள். சின்ன வேலைதான், ஆனால் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். 2022இல் எல்டன் ரிங் மறு எல்லைக்குப் போனது. பணிகளைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பே இல்லை. ஒருவரைச் சந்தித்து, நாலு ஊர் சுற்றித் திரும்பினால் அவர் எங்கே போனார் என்பது மர்மம். ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். வெளிவந்த அடுத்த மாதமே, சந்தித்த பாத்திரங்களை வரைபடத்தில் பெயருடன் காட்டும் வசதியைச் சேர்த்தார்கள். அந்தக் கேமின் மர்மம் அதனால் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேடுவது சுகம், யாரைத் தேடுகிறோம் என்பதே மறந்துபோவது சுகமில்லை.

நம் பாத்திரம் பலம் பெறப் பெற எதிரிகளும் சேர்ந்து பலம் பெறுவதைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ஒப்லிவியனில் வழிப்பறிக்காரன் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து நின்று சில்லறைக் காசு கேட்பான். அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு மேலும் விளக்கம் எதற்கு?

2017இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்டில் மழை பெய்தால் பாறையில் ஏற முடியாமல் வழுக்குகிறது என்ற குறை இன்னும் கேட்கிறது. அப்படிச் சொல்கிறவர்கள் ஆடி மாதத்தில் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து பார்க்கட்டும். அதே கேமில் வாள் உடைந்துபோவதைப் பற்றி நான் வாயைத் திறந்தால் கூட்டம் இரண்டாகிவிடும் என்று அமைப்பாளர் எச்சரித்தார். அது எனக்குப் பிடித்த அம்சம் என்பதை மட்டும் சொல்லி உட்காருகிறேன். கேள்வி கேட்கக் கையை உயர்த்தியிருக்கும் அந்தத் தங்கையிடம் மைக்கைக் கொடுங்கள்.