கெர்னல் பேனிக்கா? ஃபார்மேட் பட்டன் பக்கமே போகாதீங்க!

[திரையில்: கறுப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து]

உபுண்டு (லினக்ஸ் சிஸ்டம்) அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு. திரும்ப ஆன் பண்ணா, 'கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்'. சிஸ்டம் இருக்கிற பார்ட்டிஷனைத் திறக்க முடியாம மெஷின் நின்னுடுச்சுன்னு அர்த்தம். இதைப் பார்த்ததும் ஃபார்மேட் பண்ணத்தான் கை போகும். பொறுங்க! போட்டோ, ப்ராஜெக்ட் எல்லாம் பெரும்பாலும் பத்திரமா இருக்கும். அடிவாங்கினது கெர்னலும் அதைச் சுத்தி இருக்கிற சில ஃபைலும்தான்.

கெர்னல்: ஹார்டுவேரோட நேரடியா பேசுற ப்ரோகிராம். லினக்ஸ் கெர்னல் 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சது. போதும், விஷயத்துக்கு வருவோம்.

எதை பூட் பண்ணணும்னு கேக்குற க்ரப் மெனுவில 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனா பழைய கெர்னல் இருக்கும். அதுல பூட் ஆச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது. ஆகலையா? லைவ் பென் டிரைவ் (இன்ஸ்டால் பண்ணாமலே உபுண்டு ஓடுறது) போட்டு அதுல பூட் பண்ணுங்க, உங்க சிஸ்டம் இருக்கிற ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணுங்க (ஒரு ஃபோல்டரா இணைங்க), பூட் ஃபோல்டர் தனி பார்ட்டிஷன்னா அதையும். டெவ், ப்ராக், சிஸ்னு மூணு சிஸ்டம் ஃபோல்டரையும் அதுக்குள்ள பைண்ட் பண்ணிட்டு (அங்கேயும் தெரியுற மாதிரி இணைச்சுட்டு) சிஹெச்ரூட், அதாவது உங்க சிஸ்டத்துக்குள்ள நுழையுற கமாண்ட்.

[திரையில்: கமாண்டுகள்]

இப்பதான் எனக்குப் பிடிச்ச இடம். கெர்னலை ரீஇன்ஸ்டால் பண்ண நெட்ல கிடைக்கிற கமாண்டுல 'யூநேம் மைனஸ் ஆர்'னு ஒண்ணு ஒட்டிட்டு வரும். ஓடுற கெர்னலோட வெர்ஷனைச் சொல்றது அது. ஆனா சிஹெச்ரூட் மாத்துறது ரூட் ஃபோல்டரை மட்டும். பஸ் பாடி உங்களுது, இன்ஜின் பென் டிரைவோடது! உங்க மெஷின்ல கெர்னல் 6.8 இருக்கு, பென் டிரைவ்ல உபுண்டு 24.04.2 இருக்குன்னா, அது 6.11-னு சொல்லும். நீங்களும் நம்பி 6.11-ஐ இறக்குவீங்க. உடைஞ்ச 6.8 உடைஞ்சபடியே கிடக்கும். அதனால லிப் மாட்யூல்ஸ் ஃபோல்டரை எட்டிப் பாருங்க, உண்மையான நம்பர் அங்க இருக்கு.

இன்னொரு கூத்து. 'லினக்ஸ் இமேஜ் ஜெனரிக்'கை ரீஇன்ஸ்டால் பண்ணா, ஆப்ட் (உபுண்டுல பேக்கேஜ் இறக்குற கமாண்ட்) எந்த எரரும் காட்டாம முடிச்சுடும். பூட் ஃபோல்டர்ல ஒரு ஃபைல்கூட மாறியிருக்காது! அது மெட்டா பேக்கேஜ். எந்த வெர்ஷன் வேணும்ங்கிற குறிப்புதான் உள்ள இருக்கு, கெர்னல் இல்ல. முழு நம்பரோட இமேஜ், மாட்யூல்ஸ் ரெண்டு பேக்கேஜையும் கேளுங்க.

அதுக்கு முன்னாடி, டிஸ்க்ல மிச்ச இடத்தைக் காட்டுற 'டிஎஃப்' கமாண்ட் போட்டு பூட் ஃபோல்டர்ல இடம் இருக்கான்னு பாருங்க. ரொம்பி வழிஞ்சா ரீஇன்ஸ்டாலும் பாதியில நிக்கும். வேண்டாத பழைய கெர்னல் ஒண்ணைத் தூக்குங்க.

[திரையில்: டெர்மினல், க்ளோஸ்-அப்]

ரீஇன்ஸ்டால் ஓடும்போது 'ஜெனரேட்டிங்... இனிட்ஆர்டி'னு (பூட் ஆரம்பிக்கும்போது கெர்னலுக்குத் தேவையான ஃபைல்) ஒரு வரி வருது பாருங்க, அதுல உங்க வெர்ஷன் நம்பர் இருக்கணும். இருந்தா, க்ரப் மெனுவைப் புதுப்பிக்கிற 'அப்டேட் க்ரப்', அப்புறம் எக்ஸிட், ரீபூட். பென் டிரைவைப் பிடுங்க மறந்துடாதீங்க.

டிஸ்கை என்க்ரிப்ட் பண்ணவங்க (பாஸ்வேர்டு போட்டு லாக் பண்ணவங்க) மவுண்டுக்கு முன்னாடி அந்த லாக்கைத் திறக்கணும். அது தனி வீடியோ. வேணும்னா கமென்ட்ல 'லக்ஸ்'னு (லினக்ஸ் டிஸ்க் என்க்ரிப்ஷனோட பேரு) போடுங்க.