கலங்கலுக்கு ஓர் அளவு எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலுக்குள் ஜெட்டி கட்டினாலும், தூண்டில் வளைவுக்கு (அலை அரிப்பைத் தடுக்கும் கல் தடுப்புக்கு) கல் கொட்டினாலும், முகத்துவாரத்தைத் தூர்வாரினாலும் அனுமதி ஆணையில் நீரின் தரம் பற்றிய நிபந்தனைகள் இருக்கும். ‘நீர் மாசுபடாமல் பணி செய்ய வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அதை நிபந்தனை என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கே அளப்பது, எப்போது அளப்பது, எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்துவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குத் தென்கடலும் (மன்னார் வளைகுடா) உண்டு, வடகடலும் (பாக் விரிகுடா) உண்டு. தெற்கே, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பார். வடக்கே, ஆவுளியா (கடல்பசு) மேயும் தாழைப் படுகை, அதாவது கடற்புல் படுகை. இரண்டுக்கும் வெயில் வெளிச்சம் வேண்டும். சகதி படிந்தால் பவளம் வழவழப்பான நீரைச் சுரந்து அதைத் தள்ளிவிடப் பார்க்கும். அதற்கே அதன் பலம் போய்விடும். சித்திரை, வைகாசியில் நீர் சூடேறிப் பவளம் வெளிறும் நாட்களில் தூர்வாரும் வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

கலங்கலை என்.டி.யூ. என்ற அளவில் சொல்கிறோம். நீரில் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று கருவி காட்டும் எண் அது; எண் கூடினால் கலங்கல் கூடுதல். நம் நாட்டில் குளிப்பதற்கான கடல்நீருக்கு வரம்பு 30. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பினால் பிழைபோகும். வாடை அடிக்கும்போது வடகடல் தானாகவே கலங்கிக் கிடக்கும். காற்று ஓய்ந்தால் அடிமணல் தெரியும். தெளிந்த நீரை 25க்குக் கலக்கிவிட்டு ‘வரம்புக்குள்தான்’ என்று எழுத முடியுமே! அமெரிக்காவின் புளோரிடாவில், அன்றைய இயல்பான அளவைவிட 29 என்.டி.யூ.க்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. சிறப்புப் பாதுகாப்புள்ள நீர்நிலைகளில் கொஞ்சமும் கூடக் கூடாது. அந்த 29 என்ற எண் அல்ல, அன்றைய நீரோடு ஒப்பிடும் இந்த முறைதான் நமக்கும் பொருந்தும்.

ஒப்பிட இரண்டு இடம் வேண்டும்: நீரோட்டம் வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று. இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் பாம்பன் வாய்க்காலில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வாடைக் காலத்தில் திரும்பிவிடும். வரைபடத்தில் ஒருமுறை குறித்த ‘தெளிந்த இடம்’ ஓட்டம் மாறியதும் சகதி போகும் பாதையாகிவிடும். கலங்கிய நீரே அன்றைய இயல்பு என்று கணக்காகி, கலங்கல் கூடவில்லை என்று அறிக்கை வரும். அதனால் தினமும் வேலைக்கு முன் பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மிதக்கவிட்டு, ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே நீர் எடுக்க வேண்டும். வாளியால் மேல்நீரை மட்டும் மொண்டால் போதாது. சகதி பெரும்பாலும் தரையை ஒட்டியே நகரும். நடு ஆழத்திலும் தரைக்கு அரை மீட்டர் மேலும் எடுங்கள்.

சகதி வெளியே பரவாமல் தடுக்க வண்டல் திரை கட்டுவார்கள். மேலே மிதவை, கீழே சங்கிலி கோத்த துணிதான் அது. திரையின் அடி, வற்றம் உச்சத்தில் இருக்கும்போதும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிற்க வேண்டும். தரையில் உரசினால் திரையே சகதியைக் கிளப்பும். துணிமேல் வண்டல் ஏறி மிதவையைக் கீழே இழுக்கும். ஓட்டம் சுமார் ஒன்றரை நாட் (மணிக்கு ஒன்றரைக் கடல்மைல்) வேகத்தைத் தாண்டினால் துணி பாய்போல உப்பி மேலெழும், சகதி அடிவழியே போய்விடும். பாம்பன் போன்ற இழுப்பான இடத்தில் திரையை நம்பாமல், ஓட்டம் தணியும் நேரம் பார்த்து வேலை செய்வதே சரி. வேலை முடிந்த கையோடு திரையைக் கழற்றாதீர்கள். உள்நீரும் வெளிநீரும் ஒரே தெளிவுக்கு வரட்டும்.

கான்கிரீட் தனிக் கவலை. சிமென்ட் கலந்த நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 12 வரை ஏறும். குளிப்பதற்கான கடல்நீருக்கு வரம்பு 6.5 முதல் 8.5. பைல் (தரைக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) குழாய்க்குள் அடியிலிருந்து கான்கிரீட் நிரப்பும்போது உள்ளே இருந்த நீரும், துளை சரியாமல் இருக்க ஊற்றிய பென்டோனைட் களிமண் குழம்பும் மேலே வழியும். அதைக் கடலில் விடாமல் தொட்டியில் பிடிக்க வேண்டும். கலவை வண்டி கழுவும் குழியும் கரையில் உயர்ந்த இடத்தில் இருக்கட்டும்.

கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி பெற்ற பணிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும், நிபந்தனை அறிக்கை தர வேண்டும். அது பொதுமக்கள் பார்க்கக்கூடியது. கேட்டு வாங்குங்கள். எண்ணைப் பார்க்கும் முன், நீர் எடுத்த மணியும் ஆழமும் ஓட்டத் திசையும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விடுபட்டவற்றைக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள்.

வணக்கம்.