லிட்டருக்கு 20.5 கிராம்

வணக்கம். உலகம் முன்னேறுகிறதா என்று கேட்டால் வருமானக் கணக்கைவிட எனக்கு நம்பகமாகப் படுவது, ஐந்து வயதைத் தொடாமலே இறந்துபோகும் குழந்தைகளின் கணக்கு. உணவு, குடிநீர், தடுப்பூசி, தாயின் படிப்பு எல்லாம் அந்த ஒரே எண்ணில் வந்து சேர்ந்துவிடும். 1990-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 93 பேர் அப்படி இறந்தார்கள். 2022-இல் அது 37. இத்தனைக்கும் இந்த இடைவெளியில் உலக மக்கள்தொகை 530 கோடியிலிருந்து 800 கோடியாகிவிட்டது.

எப்படி இறங்கியது? பல காரணங்கள். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்ப்போம்: ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதாவது வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கான தூள். சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் உப்பு 2.9. மொத்தம் 20.5 கிராம், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு. வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டுதான் உயிர் போகிறது. வெறும் தண்ணீரைக் குடல் சரியாக வாங்காது. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போகும்.

அளவு பிசகினால் வினை. சர்க்கரை கூடினால் கரைசல் குடலுக்குள்ளேயே தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கலக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. குழந்தை வாந்தி எடுத்தால் நிறுத்திவிடக் கூடாது; பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

1971 போரின்போது வங்கதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் புட்டிகள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் கரைசலை டிரம்மில் நிரப்பி உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு நான்குக்கும் கீழே வந்தது.

பிறகு வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பின் ஊழியர்கள், இந்தக் கரைசலை வீட்டிலேயே கலக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்க, 1980 முதல் பத்தாண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் ஏறி இறங்கினார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று பார்த்துச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொரு குழு போய், கற்றுக்கொடுத்ததைத் தாய் நினைவில் வைத்திருக்கிறாரா, சரியாகக் கலக்குகிறாரா என்று பார்த்தது. அதற்கேற்பத்தான் ஊழியருக்குக் கூலி. இந்த யோசனைக்கே தனியாக ஒரு சபாஷ் போடலாம்.

வேலை முடிந்துவிடவில்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட இன்னும் இந்தக் கரைசல் கிடைப்பதில்லை; அதோடு பத்து முதல் பதினான்கு நாள் தரவேண்டிய துத்தநாக மாத்திரை அதைவிடக் குறைவாகவே போய்ச் சேர்கிறது. இரண்டும் ஒரே உறையில் இருந்தால் ஒன்றை மறந்து மற்றொன்றைக் கொடுப்பது குறையும். அந்த இணைப்புப் பொட்டலத்தை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.